மாணவரின் எண்ணத்தை விசாரித்தறிதல்: பாடசாலைகளில் அறிகை நடத்தை உளவளத்துணை

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் எமது பத்திரிகைகளின் பக்கங்கள் சிரித்த முகங்களால் நிறைந்துவிடுகின்றன. ஒன்பது பாடங்களிலும் 'ஏ' சித்தி பெற்றவர்கள், மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர்கள், புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் என்று அப்பட்டியல் நீளுகின்றது. அப்படங்களை வெளியிடுவதில் தவறில்லை. ஆனால், அதே நாளில் அதே பத்திரிகையை வீட்டுக்குள் மறைத்து வைக்கும் பிள்ளைகளும் இருக்கின்றார்கள் என்பதைப் பத்திரிகையாளர்களாகிய நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம்.

அவ்வாறு மறைத்து வைக்கும் பிள்ளையிடம் பெரியவர்கள் என்ன பேசுகின்றார்கள்? 'கவலைப்படாதே, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்பார் ஒருவர். 'ஒழுங்காகப் படித்திருந்தால் இப்படி வந்திருக்குமா?' என்பார் இன்னொருவர். 'பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்' என்பார் மூன்றாமவர். ஆறுதல், கண்டனம், ஒப்பீடு என இவை தொனியில் வேறுபட்டாலும் மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பேசுபவர் பெரியவர், கேட்பவர் பிள்ளை. அப்பிள்ளையின் மனதில் அந்நேரம் ஓடிக்கொண்டிருந்த எண்ணம் எது என்று எவரும் வினவவில்லை.

'உளவளத்துணை' என்னும் சொல் எமது சமூகத்துக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் யுத்தத்தின் மத்தியிலேயே மனவடு பற்றி எழுதியும் பயிற்சியளித்தும் வந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்ற பின்னரும், வடக்கு கிழக்கின் பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர்களுக்கான பயிலரங்குகள் நடைபெற்றன. ஆயினும், இன்றும் எமது பாடசாலைகள் பலவற்றில் உளவளத்துணை என்பது புத்திமதி கூறுதலின் மறுபெயராகவே விளங்கிக்கொள்ளப்படுகின்றது. குழப்படி செய்த மாணவனை ஒழுக்காற்று ஆசிரியரிடம் அனுப்புவதற்குப் பதிலாக உளவளத்துணை ஆசிரியரிடம் அனுப்புவது என்ற அளவிலேயே அது நின்றுவிடுகின்றது.

புத்திமதிக்கும் உளவளத்துணைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக விளங்கிக்கொள்ள உதவும் முறைகளுள் ஒன்று அறிகை நடத்தை முறையாகும். உலகெங்கும் பிள்ளைகளின் பதகளிப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுக்காக அதிகம் ஆராயப்பட்டுள்ள முறையும் இதுவே. எனினும், எமது சூழலில் இதனைப் பிழையாகக் கையாள்வது பிள்ளைக்குத் தீங்காகவும் அமையலாம். ஆகவே, அதன் பலத்தையும் எல்லையையும் ஒருசேர நோக்குவது அவசியமாகின்றது.

முறையின் தோற்றம்

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளமருத்துவர் அரோன் பெக், உளப்பகுப்பாய்வு முறையில் பயிற்சி பெற்றவர். 1960களில் மனச்சோர்வுற்ற நோயாளர்களை அவதானித்த அவர், அவர்களது துயரத்துக்குச் சற்று முன்பாக மின்னலைப்போல் வந்துபோகும் எண்ணங்கள் இருப்பதைக் கண்டார். 'நான் தகுதியற்றவன்', 'என்னை ஒருவரும் விரும்புவதில்லை', 'இனி எதுவும் சரிவராது' என்பன போன்ற அவ்வெண்ணங்களை அவர் தன்னியல்பான எண்ணங்கள் என்றார். தன்னைப் பற்றியும், உலகைப் பற்றியும், எதிர்காலத்தைப் பற்றியும் எழும் எதிர்மறையான நோக்கே மனச்சோர்வின் மூன்று தூண்கள் என்பது அவரது முடிபாகும். ஏறத்தாழ அதே காலப்பகுதியில் அல்பேர்ட் எலிஸ் என்னும் உளவியலாளரும், நிகழ்ச்சிக்கும் உணர்ச்சிக்கும் இடையில் நம்பிக்கை என்ற ஒன்று நின்று செயற்படுகின்றது என்னும் கருத்தை வளர்த்தெடுத்தார். எலிஸ் 2007 இலும், பெக் தமது 100 ஆவது வயதில் 2021 இலும் காலமாகினர்.

இம்முறையின் அடிப்படை எளிமையானது. எண்ணம், உணர்ச்சி, உடல், நடத்தை ஆகிய நான்கும் ஒன்றையொன்று இழுத்துச் செல்வன. தவணைப் பரீட்சையில் கணித பாடத்தில் 28 புள்ளி பெற்ற ஒரு மாணவியை உதாரணமாகக் கொள்வோம். 'நான் எதற்கும் உதவாதவள்' என்பது அவளது எண்ணம். அவமானமும் பயமும் உணர்ச்சி. கணித பாடவேளை நெருங்கும்போது எழும் வயிற்றுவலி உடலின் வெளிப்பாடு. அப்பாடவேளையில் நோயறைக்குச் செல்வதும், பின்னர் பாடசாலைக்கே வராமல் விடுவதும் நடத்தை. வராமல் விட்டதனால் பாடம் விளங்காது போகின்றது. விளங்காததனால் அடுத்த பரீட்சையிலும் புள்ளி குறைகின்றது. குறைந்த புள்ளி, அவளது முதல் எண்ணத்தை மெய்ப்பித்துவிட்டதாகத் தோன்றுகின்றது. இவ்வாறு வட்டம் பூர்த்தியாகின்றது.

எமது பிள்ளைகள் தமது மனத்துயரை 'மனச்சோர்வு' என்று பெயரிட்டுக் கூறுவது அரிது. தலையிடி, வயிற்றுவலி, நெஞ்சடைப்பு, நித்திரையின்மை என்று உடலின் மொழியிலேயே அவர்கள் பேசுகின்றார்கள். வெளிநோயாளர் பிரிவில் மருந்து பெற்றும் மாறாத அவ்வலியைப் 'பொய் வருத்தம்' என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. வலி உண்மையானது; அது தொடங்கும் இடமே வேறு.

வினாவும் வீட்டுவேலையும்

மேற்கூறிய மாணவியிடம் பயிற்சி பெற்ற உளவளத்துணை ஆசிரியை ஒருவர் எவ்வாறு உரையாடுவார்?

"நான் எதற்கும் உதவாதவள், ரீச்சர்."

"கணிதத்தில் 28 வந்தது உண்மை, பிள்ளை. எதற்கும் உதவாதவள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்?"

"எல்லாப் பாடத்திலும் அப்படித்தான்."

"எல்லாப் பாடத்திலும் என்றால், தமிழில் எத்தனை? வரலாற்றில் எத்தனை?"

"தமிழில் 71. வரலாற்றில் 64."

"கணிதத்தில் எந்தப் பகுதியில் புள்ளி கிடைக்கவில்லை?"

"அட்சரகணிதம். அந்த மாதம் அம்மம்மா ஆஸ்பத்திரியில் இருந்தவ. நான் பத்து நாள் வகுப்புக்கு வரவில்லை."

இங்கே ஆசிரியை எதனையும் போதிக்கவில்லை. 'நீர் கெட்டிக்காரி' என்று புகழவுமில்லை. மாணவி தன் வாயாலேயே ஆதாரங்களை அடுக்கிப் பார்க்கின்றாள். 'எதற்கும் உதவாதவள்' என்ற தீர்ப்பு, 'பத்து நாள் வராததனால் அட்சரகணிதம் விளங்கவில்லை' என்ற செய்தியாகச் சுருங்குகின்றது. தீர்ப்பினைத் திருத்த முடியாது. செய்திக்கு ஏதாவது செய்ய முடியும்.

அடுத்து வருவது நடத்தை. அட்சரகணிதத்தில் எளிய ஐந்து கணக்குகளை மட்டும் இவ்வாரம் செய்து பார்ப்பது, கணித பாடவேளையில் முதல் இருபது நிமிடங்களாவது வகுப்பில் அமர்ந்திருப்பது, வயிற்றுவலி எப்போது கூடுகின்றது, எப்போது குறைகின்றது என்று கொப்பியில் குறித்து வைப்பது போன்ற சிறு வீட்டுவேலைகளை இருவரும் இணைந்து தீர்மானிப்பர். அஞ்சும் ஒன்றைப் படிப்படியாக அணுகும்போது அச்சம் தணிவதும், ஒதுங்கும்போது அது வளர்வதும் இம்முறையின் அனுபவப் பாடமாகும். வாரத்துக்கு ஒன்றாக 8 முதல் 16 வரையிலான சந்திப்புகளில் இது நிறைவுபெறுவது வழக்கம். பிள்ளை தனக்குத் தானே வினவிப் பார்க்கக் கற்றுக்கொண்டதும் உளவளத்துணையாளர் விலகிக்கொள்கின்றார்.

ஆய்வுகள் கூறுவது

இம்முறையின் பலனுக்குச் சான்றுகள் உள்ளன. 2008 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பதகளிப்பு நோய்களுடைய 7 முதல் 17 வயது வரையான 488 பிள்ளைகள் பங்குபற்றினர். அறிகை நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் நன்கு முன்னேறினர். மருந்து மட்டும் பெற்றவர்களில் இது 55 சதவீதம். இரண்டையும் பெற்றவர்களில் 81 சதவீதம். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 சதவீதம்.

2003 இல் வெளியான இன்னோர் ஆய்வு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பாடசாலைகளில் நடத்தப்பட்டது. வன்முறையைக் கண்ணாற் கண்ட அல்லது அதற்கு உள்ளான, ஆறாம் வகுப்பைச் சேர்ந்த 126 மாணவர்களுக்கு, பாடசாலையிலேயே பத்துக் குழுச் சந்திப்புகள் வழங்கப்பட்டன. முதலில் சிகிச்சை பெற்ற மாணவரிடத்தில் மனவடு அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. ஆனால், அம்மாணவரின் வகுப்பறைப் பிரச்சினைகள் பற்றி ஆசிரியர்கள் தந்த மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. வகுப்பறையில் தெரியும் பிள்ளையும், உள்ளே துயருறும் பிள்ளையும் எப்போதும் ஒருவரல்லர் என்பதை இது உணர்த்துகின்றது. குழப்படி செய்பவனை மட்டுமே உளவளத்துணைக்கு அனுப்பும் எமது வழக்கத்தில், பின்வரிசையில் அமைதியாக இருப்பவள் தவறவிடப்படுகின்றாள்.

இவ்விரண்டையும்விட எமக்கு முக்கியமானது எமது மண்ணிலேயே நடத்தப்பட்ட ஆய்வாகும். வடக்கில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகள் பங்குபற்றிய இவ்வாய்வின் முடிவுகள் 2012 இல் சர்வதேச உளமருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியாகின. அறிகை நடத்தை நுட்பங்களோடு விளையாட்டு, சித்திரம், நாடகம் முதலியவற்றை இணைத்து, உள்ளூரில் பயிற்றப்பட்டவர்கள் ஐந்து வாரங்களில் 15 சந்திப்புகளை நடத்தினர். முடிவுகள் கலப்பானவை. மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு ஆகிய முக்கிய அளவீடுகளில் ஒட்டுமொத்தமான வேறுபாடு ஏற்படவில்லை. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. சிறுவர்களிடம் மனவடு, பதகளிப்பு அறிகுறிகளில் முன்னேற்றம் தென்பட்டது. சிறுமியரிடமோ, இச்சந்திப்புகளில் கலந்துகொள்ளாதவர்களைவிடக் கலந்துகொண்டவர்களிடம் மனவடு அறிகுறிகள் குறைந்த அளவு சிறிதாகவே இருந்தது. யுத்தம் சார்ந்த அன்றாட அழுத்தங்கள் குறைவாக இருந்த பிள்ளைகளே கூடுதலான பயன் பெற்றனர்.

இக்கடைசி வாக்கியத்தை ஆசிரியர்களும் கல்வி அதிகாரிகளும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். வீட்டைச் சூழ அச்சுறுத்தல் தொடரும் பிள்ளைக்கு, அச்சத்தைக் கையாளும் பயிற்சி மட்டும் போதுமானதாக அமைவதில்லை.

எண்ணம் உண்மையாக இருந்தால்?

இம்முறை பற்றிய பெரும் மயக்கம், இது 'நல்லதையே நினை' என்று கற்பிக்கும் முறை என்பதாகும். அது தவறு. எண்ணத்தை ஆதாரத்தோடு ஒப்பிட்டு விசாரிப்பதே இதன் உயிர்நாடி. விசாரணை என்றால், அதன் முடிவு இரு பக்கமும் செல்லக்கூடும். பிள்ளையின் எண்ணம் மிகைப்படுத்தப்பட்டது என்று தெரியவரலாம். முற்றிலும் உண்மை என்றும் தெரியவரலாம்.

'சேர் எல்லார் முன்னாலும் அடிப்பார்' என்று அஞ்சிப் பாடசாலைக்கு வர மறுக்கும் மாணவனின் எண்ணத்தில் திருத்துவதற்கு எதுவுமில்லை. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தவிர்க்குமாறு 2005 இலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டுள்ளது. அங்கே திருந்த வேண்டியவர் மாணவன் அல்லர். 'எனக்குப் படிக்க இடமில்லை' என்று கூறும் பெருந்தோட்டத்து லயன் அறைப் பிள்ளைக்கு மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சியைவிட, மாலையில் ஒரு மணிநேரம் திறந்திருக்கும் வகுப்பறை பயன்தரும். வீட்டில் துஷ்பிரயோகத்துக்கு உள்ளாகும் பிள்ளையிடம் 'வேறுவிதமாகச் சிந்தித்துப் பார்' என்பது கொடுமையே அன்றி வேறில்லை. அப்பிள்ளைக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரான மாதங்களை எண்ணிப் பார்ப்போம். 'பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்' என்று ஒரு முஸ்லிம் மாணவி தன் உம்மாவிடம் கூறியிருந்தால், அதனைப் பிரமை என்று எவரால் ஒதுக்கிவிட முடிந்திருக்கும்? அதில் உண்மை எவ்வளவு, அச்சம் சேர்த்த மிகை எவ்வளவு என்று அவளோடு சேர்ந்து பொறுமையாகப் பிரித்தறிவதே நேர்மையான உளவளத்துணையாகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், தாம் கண்டிராத ஊரைப் பற்றிய துயரைக் கதைகளாகச் சுமக்கின்றார்கள். அத்துயரையும் 'பழையதை மறந்துவிடு' என்று மூடிவிட முடியாது.

இன்னொரு வகை எண்ணமும் எம்மிடையே உண்டு. 'அப்பா உயிரோடு இருக்கின்றாரா?' என்ற வினாவோடு வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேற்றப்பட்டு, 2018 இல் அது இயங்கத் தொடங்கியது. ஆயினும் பல குடும்பங்களுக்கு விடை கிடைக்கவில்லை. ஆதாரம் ஒரு பக்கமும் சாயாத இவ்விடத்தில் உளவளத்துணையாளர் தாமாக ஒரு விடையை வழங்கக்கூடாது. 'அவர் இனி வரமாட்டார் என்று ஏற்றுக்கொள்' என்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை. விடையின்றியும் இன்றைய நாளை எவ்வாறு கொண்டுசெல்வது என்பதில் மட்டும் துணை நிற்கலாம்.

ஆகவே, அறிகை நடத்தை முறையைக் கையாளும் ஆசிரியர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா: இப்பிள்ளையின் எண்ணம் உண்மையா? மிகையென்றால் பிள்ளையோடு பணியாற்ற வேண்டும். உண்மையென்றால் அதிபரோடும், பெற்றோரோடும், அதிகாரிகளோடும் பணியாற்ற வேண்டும். இரண்டாவது கடினமானது. முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதைத் தவிர்த்துக்கொள்ளும் பாடசாலை, தன் குறையைப் பிள்ளையின் மனதில் ஏற்றிவைக்கின்றது.

சூழலை மாற்றுவதன் வலிமைக்கு எமது நாடே சான்று. 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்றாக இருந்தது. நச்சுத்தன்மை மிகுந்த கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதன் பின்னர் அவ்வீதம் அரைவாசிக்கும் கீழாகக் குறைந்தது. மனங்களோடு பேசுவது எவ்வளவு அவசியமோ, ஆபத்தைக் கைக்கெட்டாத தூரத்தில் வைப்பதும் அவ்வளவு அவசியம்.

பாடசாலைகள் செய்ய வேண்டியவை

முதலாவது, நேரம். உளவளத்துணை ஆசிரியரை, வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்கு அனுப்பும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். அவரது பணி நேரசூசியில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, இடமும் இரகசியமும். அதிபரின் அலுவலகத்தின் ஒரு மூலையில், எழுதுவினைஞர் கேட்டுக்கொண்டிருக்க எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது. பிள்ளை கூறியது அன்று மாலையே ஆசிரியர் ஓய்வறையில் பேசப்படுமானால், அப்பிள்ளை இனி எவரிடமும் எதையும் கூறமாட்டாது. அதேவேளை, உயிராபத்தும் துஷ்பிரயோகமும் இரகசியத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்பதையும் முதற் சந்திப்பிலேயே பிள்ளைக்கு விளக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, பொறுப்புகளைப் பிரித்தல். தண்டனை வழங்கும் ஆசிரியரே உளவளத்துணையாளராகவும் இருக்க முடியாது.

நான்காவது, மேற்பார்வை. சில நாள் பயிலரங்கு ஒருவரைச் சிகிச்சையாளராக்கிவிடாது. சிறுமியருக்கு எதிர்பார்த்த பயன் கிட்டாத வடக்கின் ஆய்வு இதற்கொரு எச்சரிக்கையாகும். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவோடு தொடர்பு இருத்தல் வேண்டும். தமக்கு இயலாததை அங்கே அனுப்பிவைக்கும் அடக்கம் ஆசிரியருக்கு வேண்டும்.

ஐந்தாவது, நம்பிக்கைகளுக்கு மதிப்பளித்தல். 'எல்லாம் தலையெழுத்து' என்றோ 'நஸீப்' என்றோ பிள்ளை கூறும்போது அதனை மூடநம்பிக்கை என்று வாதிடுவது உளவளத்துணையாளரின் பணியன்று. இறைவனிடம் பொறுப்புக் கொடுத்தபின் தன்னால் ஆன முயற்சியைச் செய்யுமாறே எமது சமயங்கள் யாவும் கூறுகின்றன. அம்முயற்சி எது என்று கேட்பதோடு உளவளத்துணை தொடங்கலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற அச்சம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உண்டு. அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. அமைதியாகக் கேட்பது பிள்ளைக்குப் பெரும் ஆறுதலாகவே அமைகின்றது. 'ஆம்' என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாது, அன்றே வைத்திய உதவியை நாடவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும், சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற இலக்கமும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டியவையாகும்.

அடுத்த பெறுபேறுகள் வெளியாகும் நாளிலும் பத்திரிகைகளில் சிரித்த முகங்கள் இடம்பெறும். அன்று உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பத்திரிகையை மறைத்து வைத்திருப்பதைக் கண்டால், ஆறுதலும் வேண்டாம், கண்டனமும் வேண்டாம். அருகே அமர்ந்து, "இப்போது உன் மனதில் என்ன ஓடுகின்றது?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம். வரும்வரை காத்திருங்கள்.